குமிழியைப் பார்த்துக் குதித்தவன்

1

பன்னிரண்டு கேள்விகள் உள்ள ஒரு படிவம் எனக்கு வந்திருக்கிறது. என் மகள் வேலை பார்க்கும் ஆய்வுத் திட்டத்தின் பாதுகாப்புப் பிரிவு அனுப்பியது. ஏழாவது கேள்வி: ‘நீங்கள் ஏன் தண்ணீரில் இறங்கினீர்கள்?’ பதில் எழுத முந்நூறு எழுத்துகளுக்கு இடம். அதற்கு மேல் ஓர் எழுத்தைத் தட்டினாலும் கட்டம் சிவப்பாகிவிடுகிறது.

மூன்று நாளாக எழுதுகிறேன், அழிக்கிறேன். இந்த நாட்டுக்காரர்களுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது என்று தெரியவில்லை. தூத்துக்குடிக் கடற்கரையில் இருப்பவர்களுக்குப் பாதி சொன்னாலே மீதி விளங்கிவிடும். ஆகவே படிவத்தை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி திரேஸ்புரத்தில் பிறந்தவன். வேதியியல் படித்தவன். இருபது வருடமாகக் கனடாவில், எட்மண்டனில், குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஆய்வகத்தில் வேலை. காலை ஏழு மணிக்குப் போய் ஆற்றுத் தண்ணீரின் கலங்கலையும் குளோரினையும் அளந்து குறிப்பேன். மனைவி ரோஸ்லின் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருக்கிறாள். ஒரே மகள் ஜெசிந்தா. நாலு வயதில் இங்கே வந்தவளுக்கு இப்போது இருபத்து நாலு.

அவள் எங்களிடம் பேசுவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். பூசைக்கு வருவதைக் கல்லூரி முதல் வருடத்திலேயே நிறுத்திவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்குப் பிறகு நாங்கள் கேட்கவில்லை. ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், தமிழில் பேசத் தொடங்கிவிடுவாள். உடைந்த தமிழ்தான். ஆனாலும் தமிழ்.

2

ஜெசியின் வேலை, எங்கள் வீட்டிலிருந்து வடக்கே இரண்டு நாள் கார் ஓட்டும் தூரத்தில் இருக்கும் சிறு ஏரிகளிலிருந்து என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று அளப்பது.

அந்தப் பக்கத்து மண் பல ஆயிரம் வருடங்களாக உறைந்து கிடப்பது. அதற்குள் பழங்காலத்துப் புல், பாசி, வேர் எல்லாம் மக்காமல் அப்படியே இருக்கின்றன. இப்போது வெப்பம் கூடிக்கொண்டே வருவதால் மண் இளகுகிறது. இளகிய இடம் உள்வாங்குகிறது. உள்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது. அதுதான் அந்த ஏரிகள். அடியில் காற்றுப் போகாத சேற்றில் நுண்ணுயிர்கள் அந்தப் பழைய வேரையும் பாசியையும் தின்று மீத்தேன் வாயுவை விடுகின்றன. அது குமிழியாக மேலே வருகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயு அது. ஆக, சூட்டால் மண் இளகுகிறது, இளகிய மண் சூட்டைக் கூட்டும் வாயுவை விடுகிறது, அந்தச் சூட்டில் இன்னும் கொஞ்சம் மண் இளகுகிறது.

போன வருடம் இதை சேவியர் அத்தானுக்குப் போனில் விளக்கினேன். அத்தான் என் அக்கா பிலோமினாவின் கணவர். முப்பது வருடம் சங்கு குளித்தவர். இப்போது ஒரு காது கேட்காது. சங்கு குடோனில் தரம் பிரித்துக் கொடுக்கிறார்.

“அத்தான், ஹார்பர்ல மீன் பெட்டி இருக்குல்லா. ஐஸ் கெடக்க மட்டும் மீன் கெடாது. ஐஸ் உருகிட்டுன்னா?”

“நாறும்.”

“அதேதான். இங்க மண்ணே பெரிய ஐஸ் பெட்டி. இப்போ உருகுது. உள்ள கெடந்தது அழுகி வார கேஸு ஊரையே சூடாக்குது. சூடாக ஆக இன்னும் உருகுது.”

“அப்போ ஒரு பெட்டி நாத்தம் அடுத்த பெட்டி ஐஸயும் உருக்கிருதுன்னு சொல்லுதியா?”

“ஆமா.”

“பெட்டிய எவம்லே வெயில்ல தூக்கி வச்சது?”

“நாமதான் அத்தான். கரியும் எண்ணெயும் எரிச்சு.”

“அப்போ தூக்கி நெழல்ல வைங்கலே. மோந்து பாக்கதுக்கு எதுக்கு என் மருமவள அங்கன அனுப்புதிய?”

நான் ஜெசியிடம் அதையே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. நாடுகள் தங்கள் புகையை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று திட்டம் போடுகின்றன, இயற்கை தன் பங்குக்கு எவ்வளவு கூட்டிவிடும் என்று சரியாகத் தெரியாமல் அந்தத் திட்டம் எப்படிச் சரியாகும் என்றாள். யோசித்துப் பார்த்தால் உண்மைதான். தொழிற்சாலைப் புகை என்றால் கலெக்டர் உத்தரவு போட்டு மூடிவிடலாம். ஏரிக்கு யார் உத்தரவு போடுவது?

சேற்றிலிருந்து வாயு வருவது எனக்குப் புதிதல்ல. புன்னைக்காயல் பக்கம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் கால் வைத்தால் சுற்றிலும் மொட்டு மொட்டாகக் குமிழி கிளம்பும். படித்தவன்தானே, அது என்ன வாயு என்று அப்போதே தெரியும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். குமிழி என்றால் என்ன என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

3

உங்களுக்குத் தெரிந்த ஒரு வழக்கத்தை, வெளியூரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காக எழுதிவிடுகிறேன். நம்மூரில் சங்கு குளிக்கப் போகிறவன் தன் கயிற்றை அண்ணன் தம்பி கையில் கொடுக்க மாட்டான். மச்சினன் கையில்தான் கொடுப்பான். முத்துக்குளித்த காலத்திலிருந்தே அப்படித்தான் என்பார்கள். கூடப் பிறந்தவனுக்குச் சொத்தில் ஒரு கண் இருக்கலாம். மச்சினனுக்கு இருப்பது ஒரே கவலை, தன் அக்கா தாலி.

பட்டம் வாங்கிவிட்டு வேலைக்குக் காத்திருந்த இரண்டு வருடம், அத்தானின் கயிறு என் கையில் இருந்தது. அப்போது கம்பிரசர் வந்துவிட்டது. படகில் இயந்திரம் ஓடும், ஒரு குழாய் வழியாகக் கீழே காற்றுப் போகும், அத்தான் அதை வாயில் கடித்துக்கொண்டு அடியில் நடப்பார். அவர் விடும் மூச்சு குமிழியாக மேலே வரும். கயிறு கையில் இருந்தாலும் கண் குமிழியின் மேல்தான் இருக்க வேண்டும். ஒரு கொத்து, ஓர் இடைவெளி, ஒரு கொத்து. அப்படி வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான். இடம் மாறி மாறி வந்தால் நடக்கிறான். ஒரே இடத்தில் மொத்தமாகப் பொங்கி வந்து சட்டென்று நின்றால் வாயிலிருந்து குழாய் நழுவிவிட்டது என்று அர்த்தம். அப்போது யோசிக்கக் கூடாது. இழுக்க வேண்டும்.

ஒருமுறை அப்படிப் பொங்கி நின்றது. இழுத்தேன். அத்தான் மேலே வந்து, ஒரு பாட்டம் வாந்தி எடுத்துவிட்டு, “சங்கெல்லாம் கீழ விட்டுட்டு வந்தாச்சு, போ” என்று என்னைத் திட்டினார். சாயங்காலம் அக்கா எனக்கு மட்டும் இரண்டு துண்டு சீலா மீன் அதிகமாக வைத்தாள்.

அந்த இரண்டு வருடத்தில் கண்ணுக்கும் கைக்கும் நடுவில் ஒரு குறுக்குவழி உண்டாகிவிட்டது. அது அப்படியே இருக்கிறது என்பது எனக்குப் போன மாதம்வரை தெரியாது.

4

போன மாதக் கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெசியின் வேலை இடத்தைப் பார்க்கப் போனேன். உண்மையைச் சொன்னால், பார்க்க அல்ல, பரிசோதிக்க. இன்னும் சில வாரங்களில் ஏரிகள் உறையத் தொடங்கும். பனி மூடுவதற்கு முன், கண்ணாடி போலிருக்கும் புதுப் பனிக்கட்டியின் மேல் நடந்து, அதற்குள் சிக்கிய குமிழிகளை எண்ண வேண்டும். வாயு அதிகம் வரும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருக்கும். அதாவது, எங்கே கால் வைக்கக் கூடாதோ அதைத் தேடித்தான் அவர்கள் நடக்கிறார்கள். இந்த வருடம் ஜெசியின் பெயர் அந்தக் குழுவில் இருந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கும் ரோஸ்லினுக்கும் தூக்கம் சரியில்லை.

காலையில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பலகைப் பாதையை விட்டு இறங்கக் கூடாது. மிதவைச் சட்டையைக் கழற்றக் கூடாது. தண்ணீரில் இறங்கவே கூடாது. ஜெசி பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினாள். கடைசியில் தமிழில், “அப்பா, இங்க குமிழி வரும். சும்மா கேஸ். பயப்படாதீங்க” என்றாள். நான், “எனக்கே கெமிஸ்ட்ரி சொல்லித் தாரியா” என்றேன்.

ஏரி சின்னது. தெப்பக்குளம் அளவு. கரையெல்லாம் மரங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நின்றன. அடி மண் இளகி வேர் பிடி விட்டுப்போன மரங்கள். ஜெசி ஒரு ரப்பர் படகில் போய், தண்ணீருக்குள் கவிழ்த்து வைத்த புனல்களில் சேர்ந்த வாயுவைக் குப்பியில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளோடு வேலை செய்யும் கேரன் என்ற உள்ளூர்ப் பெண், பேட்டரி எடுக்க வண்டிக்குப் போனாள். நான் பலகைப் பாதையின் நுனியில் நின்றேன்.

அப்போது பார்த்து பிலோ அக்கா போன் செய்தாள். நான் ஏரிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி, அவ்வளவுதான். திரும்பிப் பார்த்தபோது எதிர்க்கரை ஓரமாகப் படகு ஆளில்லாமல் கிடந்தது. அதற்கு இப்பால், ஏரியின் நடுவில், ஒரே இடத்தில், குமிழி மொத்தமாகப் பொங்கியது. நின்றது.

இரண்டு தடவை பெயர் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. மிதவைச் சட்டையைக் கழற்றினேன். ஏன் என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு முங்க முடியாது, அதனால்தான். குதித்தேன்.

குளிர் நெஞ்சில் உதைத்தது. மூச்சு வரவில்லை. காலுக்குத் தரை இல்லை, சேறுதான். தொடைவரை இறங்கியது. காலை உருவ முயன்றபோதெல்லாம் என்னைச் சுற்றிப் பெரிது பெரிதாகக் குமிழி கிளம்பியது. நான் அவளைத் தேடி அந்தக் குமிழிகளுக்குள் கையைவிட்டுத் துழாவினேன்.

ஜெசி எதிர்க்கரையில் இருந்தாள். படகைக் கரையில் ஒதுக்கிவிட்டு, மரங்களுக்குப் பின்னால் மண் எடுத்துக்கொண்டிருந்தாள். காதை மூடிய கம்பளித் தொப்பி. தண்ணீரிலிருந்து நான் போட்ட மூன்றாவது கத்தல்தான் அவளுக்குக் கேட்டிருக்கிறது.

படகைத் தள்ளிக்கொண்டு வந்தாள். “அப்பா, ஆடாதீங்க! அசையவே அசையாதீங்க! என்னப் பாருங்க!” எல்லாம் தமிழ். கயிறு எறிந்தாள். நான் அதைப் பிடித்து இழுத்த வேகத்தில் அவளே இடுப்புவரை தண்ணீருக்குள் வந்துவிட்டாள். கேரன் ஓடிவந்து பலகையில் குப்புறப் படுத்து, முதலில் என்னை, பிறகு அவளை இழுத்துப் போட்டாள். வண்டியில் ஹீட்டரைப் போட்டு, எங்கள் ஈரத்துணியை எல்லாம் கழற்றிப் போர்வை சுற்றினாள். ஜெசியின் உதடு நீலமாக இருந்தது. வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது, நான் இழுத்தது.

“நீங்க ஏன் குதிச்சீங்க?” என்றாள்.

“நீ உள்ள இருக்கன்னு நெனச்சேன்.”

“காலைல சொன்னேன்ல, அது கேஸ்னு.”

“சொன்னே.”

அதன் பிறகு அவள் ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள்.

5

ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ரோஸ்லின் அக்காவிடம் சொல்லி அழுதுவிட்டாள். ஒரு மணி நேரத்தில் அத்தானிடமிருந்து போன்.

“ஏலே மாப்ளே, தண்ணிக்குள்ள குதிச்சியாம்லா?”

“ஆமா அத்தான்.”

“கயிறு பிடிக்கவன் குதிக்கலாமால? சொல்லு. அத்தன நாளு என் கயிறு ஒங் கையில இருந்துச்சே, ஒரு நாளாச்சும் குதிச்சியா?”

“கயிறு கையில இருந்தா இழுத்திருப்பேன். கையில ஒண்ணுமே இல்ல அத்தான்.”

அத்தான் கேட்காத காதில் போனை வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன்.

“இல்லேன்னா நிக்கணும்ல. மேல ஒருத்தன் நிக்கணும். நீயும் உள்ள போயிட்டா அந்தப் பிள்ள யாரப் பாத்து மேல வரும்? கடைசில யாரு யார இழுத்தா?”

“அவதான் என்ன இழுத்தா.”

“பெறவென்ன. அவளுக்குத் தெரியுது. ஒனக்குத்தான் தெரியல.”

அக்கா போனைப் பிடுங்கினாள். “ஏலே தம்பி, அவர் கெடக்காரு. பனிமய மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்திட்டு வந்தேன். பனியில வேலைக்குப் போற பிள்ளைக்குப் பனி மாதாட்ட சொல்லாம வேற யார்ட்ட சொல்லச் சொல்லுத?”

பின்னாலிருந்து அத்தான் குரல்: “அந்தப் பனிதான் உருகுதாம், மாதாட்ட அதையும் சேத்துச் சொல்லு ஏளா.”

பிறகு அவரே போனை வாங்கி, நம் கடலைப் பற்றிச் சொன்னார். இந்தக் கோடையில் கடலடியில் பாறைத் திட்டாகக் கிடக்கும் பார்களுக்கு மேல் தண்ணீர் ஒரேயடியாகச் சூடேறிவிட்டதாம், இளவட்டங்கள் இறங்கிப் பார்த்துவிட்டுப் பவளப்பாறை வெளுத்துக் கிடக்கிறது என்கிறார்களாம். இந்த ஏரியும் நம் கடலும் ஒரே சூட்டில் காய்கின்றன என்று நான் சொன்னேன். ‘ம்’ என்றார்.

6

ஜெசியின் மணிக்கட்டு சரியாகிவிட்டது. எனக்குத்தான் இன்னும் சரியாகவில்லை. ஆய்வகத்தில் குடுவையில் அமிலம் ஊற்றும்போது குமிழி வந்தால், ஒரு கணம் கை நின்றுவிடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் நான் கணக்குப் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள்.

படிவத்துக்கு வருகிறேன். ஒன்பதாவது கேள்வி இது: ‘குமிழிகள் பற்றியும் கரை உள்வாங்குவது பற்றியும் உங்களை அழைத்துச் சென்றவர் முன்பே விளக்கினாரா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். பாதுகாப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள் போனில் மிகவும் மரியாதையாகப் பேசினார். அழைத்து வந்தவர் விளக்கவில்லை என்றால் அவரை இந்த வருடம் பனிக்கட்டிக் குழுவில் சேர்க்க மாட்டோம், விளக்கியும் பார்வையாளர் மீறினார் என்றால் அது வேறு விஷயம் என்றார். நான் என் ஆங்கிலத்தில் “நான் நன்றாகவே இருக்கிறேன்” என்று இரண்டு தடவை சொன்னேன். அவர் கேட்டது அதையல்ல.

மறுநாள் ரோஸ்லினிடம் சொன்னேன். அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள்.

“இல்லைன்னு போடுங்க.”

“அவ சொன்னா ரோஸ்லின். ரெண்டு பாஷையிலயும் சொன்னா.”

“யாருக்குத் தெரியும்? நீங்களும் அவளுந்தான. ஒரு வருஷம். ஒரே ஒரு வருஷம் அவ அந்த ஐஸ்ல நடக்காண்டாம். நான் வேற ஒண்ணும் கேக்கல.”

பொய் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் அவள் சொல்வதற்கு முன்பே நான் ‘இல்லை’ என்ற கட்டத்தைத் தொட்டுப் பார்த்திருந்தேன். நீல நிறப் புள்ளி விழுந்தது. அழிக்காமல் ஒரு நாள் முழுக்க அப்படியே திறந்து வைத்திருந்தேன்.

அன்று மாலையே ஜெசி பேசினாள். எந்தக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. “எனக்காக எதையும் மாத்தாதீங்கப்பா. நடந்தத எழுதுங்க. நான் ஏதாச்சும் விட்டிருந்தா அதையும் எழுதுங்க” என்றாள். தமிழில். நான் அவளுக்குச் சாதகமாகப் பொய் எழுதிவிடுவேனோ என்பதுதான் அவள் கவலை. வேறு மாதிரி எழுதக்கூடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இதுவரை உங்களுக்கு எழுதி வைத்துவிட்டு, இன்று காலை வேலைக்கு விடுப்புச் சொல்லிப் படிவத்தின் முன் உட்கார்ந்தேன். ஒன்பதாவது கேள்வியில் புள்ளியை ‘ஆம்’ கட்டத்துக்கு மாற்றினேன். ஏழாவதில் இப்படி எழுதினேன்: ‘என் மகள் எல்லாவற்றையும் விளக்கியிருந்தாள். நான் வேதியியல் படித்தவன், எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் தண்ணீரிலிருந்து வரும் குமிழி என்பது கீழே இருக்கும் ஆளின் மூச்சு. அதைப் பார்த்ததும் என் உடம்பு குதித்துவிட்டது.’ கட்டம் சிவப்பாகவில்லை.

பன்னிரண்டாவது, கடைசிக் கேள்வி: ‘இது மீண்டும் நடக்காமல் இருக்க என்ன செய்யலாம்?’ இதற்குத்தான் நேரம் ஆனது. கடைசியில், ‘பார்வையாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நிரந்தரமாக எடுத்துவிடுங்கள். மகளின் பெயரைக் குழுவிலிருந்து எடுக்க வேண்டாம்’ என்று எழுதினேன்.

அனுப்புவதற்கு முன் ரோஸ்லினைக் கூப்பிட்டேன். அவளிடம் மறைத்து அனுப்ப மனம் வரவில்லை. என் தோளுக்குப் பின்னால் நின்று, கண்ணாடியை ஏற்றி இறக்கி, முதல் கேள்வியிலிருந்து படித்தாள். ஒன்பதாவதில் நின்றாள். பிறகு கடைசிவரை படித்தாள். சமையலறைக்குப் போனாள். அடுப்பை அணைக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தாள்.

“என் பேரையும் போடுங்க.”

“எதுல?”

“கடைசிக் கேள்வியில. நான் அங்க போனா நானும் குதிப்பேன்.”

அந்தக் கட்டத்தில் இன்னும் கொஞ்சம் எழுத்துகளுக்கு இடம் இருந்தது. அவள் பெயரையும் சேர்த்து அனுப்பினேன்.